நாங்கள் என்று சொல்லாதே

ஆட்குறைப்புக் கடிதத்தை எனக்கும் என் தோழிக்கும் ஒரே நாளில் கொடுத்தார்கள். முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து என்னை. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் இரண்டு பேரும் பல வருடங்கள் வேலை பார்த்திருந்தோம். பெருந்தொற்றுக் காலத்தில் ஓயாமல் ஓடிய இயந்திரங்கள் அதன்பிறகு ஒவ்வொன்றாக நின்றபோதே எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து போனபோது, என் மனம் வேறு கணக்குப் போட்டது. இவள் வேலை தப்பித்துவிட்டது, என்னை மட்டும்தான் அனுப்பப் போகிறார்கள், அதனால்தான் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கடிதத்தை வாங்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனால், அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

நான் அப்படித்தான். சில்லறை சரியாக இருந்தால்கூட ஏன் சரியாக இருக்கிறது என்று யோசிக்கிற ஆள். என் கணவர் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். "நீ தப்பான வேலைக்குப் போய்ட்ட. போலீசுல சேந்திருக்கணும்" என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது.

தோழியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். இரண்டு பேரும் ஒரே தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். தோட்டம் கைமாறியபோது லயத்தில் குடியிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் என் வீட்டுக்கு நான்காவது வீடு அவளுடையது. அவளிடம் ஒரு சின்னக் கார் உண்டு. எனக்கு ஓட்டத் தெரியாது. பேச்சு வரும் அவளுக்கு. எனக்கு எழுத்து ஒழுங்காக வரும். ஸ்டோரில் அவள் ஆட்களைப் பார்த்துக்கொள்வாள், நான் பட்டியல்களைப் பார்த்துக்கொள்வேன்.

வேலை போன முதல் வாரத்திலேயே அவள் ஏமாந்தாள். வீட்டிலிருந்தபடியே பொருட்களைப் பதிவு செய்யும் வேலை, நேர்முகத் தேர்வு கைப்பேசியில் எழுத்து மூலமாகவே நடக்கும் என்று ஒரு செய்தி இரண்டு பேருக்கும் வந்திருந்தது. எனக்கு முதல் வரியிலேயே வாடை அடித்தது. முகம் காட்டாதவன் எதற்கு நம் ஐசியின், அடையாள அட்டையின், இரண்டு பக்கத்தையும் படம் கேட்கிறான்? நான் அந்த எண்ணைத் தடை செய்துவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தாள்.

"படிச்சவதானே நீ? மூஞ்சி தெரியாதவனுக்கு ஐசிய அனுப்புவியா?"

"இங்கிலீஷ்ல ரொம்ப மரியாதையா கேட்டான் லா" என்றாள்.

மறுநாள் கோலா சிலாங்கூர் போய்ப் போலீசில் புகார் கொடுத்தோம். அவள் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டினேன், திரும்பி வரும்போதும் திட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. இத்தனை வருடம் எல்லாரும் கேலி செய்த என் சந்தேகம் அன்று ஜெயித்துவிட்டது. அவள் காரை ஓட்டிக்கொண்டு பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். "இனிமே எது வந்தாலும் என்கிட்ட காட்டாம பதில் சொல்லாத" என்று நான் சொன்னதற்கு மட்டும் "ம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நேர்முகத் தேர்வுகளுக்குச் சேர்ந்து தயாராவது என்று முடிவு செய்தோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். அவள் மகளுடைய மடிக்கணினியில் ஆலோசனைக் காணொளிகளைப் பார்ப்போம். ஒரு நாள் நான் முதலாளி, அவள் வேலைக்கு வந்தவள். மறுநாள் மாற்றி. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மலாயில் கேட்டால் ஒரு பதில், ஆங்கிலத்தில் கேட்டால் ஒரு பதில். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால், "நான் அதிகமாக உழைப்பேன்" என்று மட்டும் சொல்லக் கூடாது, எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று காணொளியில் ஓர் ஆள் சொன்னார். அப்படியென்றால் என்ன சொல்வது என்று அவர் சொல்லவில்லை. நான் உடனே, "இவரு வேணும்னே மறைக்கிறாரு. காசு கட்டி கிளாஸ் சேந்தாத்தான் சொல்வாரு" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "ஒன்கிட்ட பலவீனம் என்னான்னு கேட்டா நீ தேடவே வேணாம்டி" என்றாள்.

அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று மட்டும் எங்கள் இருவர் மனதிலும் ஒட்டிக்கொண்டது. பழைய வேலையில் செய்த சாதனையைச் சொல்லும்போது "நாங்கள்" என்று சொல்லாதே, "நான்" என்று சொல். நாங்கள் என்றால் நீ என்ன செய்தாய் என்று அவர்களுக்குத் தெரியாது. இதை நான் ஒரு நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அவளும் எழுதிக்கொண்டாள்.

ஆனால் அந்தச் சாதனைக் கதையை மட்டும் நான் அவள் முன்னால் பயிற்சி செய்யவில்லை. "ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள்" என்ற கேள்வி வரும்போதெல்லாம், "அத நான் வீட்டுல பாத்துக்குறேன்" என்று தாண்டிவிடுவேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி வேலைக்குத்தான் விண்ணப்பிக்கிறோம். என்னிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல கதை. அதை எதற்கு மேசையில் எடுத்து வைப்பது? அவளும் அந்தக் கேள்வியைத் தாண்டினாள். அது எனக்குப் படவே இல்லை.

ஒரு காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் இளம் பெண்ணின் குரல். முதலில் மலாயில் தொடங்கினாள், என் பெயரை உறுதி செய்துகொண்டதும் தமிழுக்கு மாறினாள்.

"ராவாங்ல எங்க கம்பெனிக்கு ஒரு வேர்ஹவுஸ் இருக்குங்க. ஸ்டோர் அசிஸ்டெண்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறோம். ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?"

நான் அங்கே விண்ணப்பமே போடவில்லை. "என் நம்பர் ஒங்களுக்கு எப்படிக் கெடச்சிச்சி?"

"ஒருத்தவங்க சொன்னாங்க. நீங்க ஸ்டோர்ல லிஸ்ட் எல்லாம் பாத்தவங்க, ரொம்ப கவனமா இருப்பீங்கன்னு..."

"ஒருத்தவங்கன்னா யாரு?"

"அவங்க பேர சொல்லலாமான்னு கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும். இப்போ ஒங்க கடைசி வேலயப் பத்தி..."

"பேர் இல்லாதவங்க சொன்னாங்களாம், கம்பெனி இருக்காம், வேல இருக்காம். அடுத்து ஐசி கேப்பீங்க, அதுக்கு அடுத்து பேங்க் கார்டு கேப்பீங்க. இதோ பாரும்மா, நல்ல கொரலு இருக்கு ஒனக்கு, போய் ஒழுங்கா ஒரு வேல தேடு."

துண்டித்துவிட்டேன். என் பெயரும் பழைய வேலையும் தெரிந்த ஒரு கூட்டம் என்றால் இது பெரிய கூட்டம் என்று எண்ணிக்கொண்டே மீதித் துணியைக் காயப்போட்டேன். அரை மணி நேரத்தில் கைப்பேசிக்கு ஒரு நீளமான செய்தி வந்தது. நிறுவனத்தின் முழு முகவரி, பதிவு எண், அழைத்த பெண்ணின் பெயர், எல்லாம் இருந்தன. என் கவலை புரிகிறது, தொலைபேசி நேர்முகத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம், விருப்பம் இருந்தால் நானே அலுவலக எண்ணுக்கு அழைக்கலாம் என்று எழுதியிருந்தாள். நான் அந்த எண்ணை வேறு இடத்தில் தேடிச் சரிபார்த்தேன். ராவாங்குக்கு லோரி ஓட்டும் நண்பரிடம் அப்படி ஒரு கட்டடம் இருக்கிறதா என்று கேட்கும்படி கணவரிடம் சொன்னேன். இருந்தது. அதற்குப் பிறகுதான் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். அடுத்த கட்டம் காணொளி நேர்முகம் என்றாள்.

இதைத் தோழியிடம் சொல்லப் போனேன். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் கூப்டாங்க. போன வாரமே" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன் லா."

அவள் மறக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னிடம் கடன் வாங்கிய அழிப்பானைக்கூட நினைவு வைத்திருப்பவள். அந்தக் குவளையைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் தனியாக ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு போகப் பார்த்திருக்கிறாள் என்று அன்றே முடிவு கட்டினேன். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாள், சொல்லட்டும், நாம் கவனித்துக்கொண்டிருப்போம் என்று இருந்துவிட்டேன்.

காணொளி நேர்முகம் என்றால் எதிரில் ஒரு மனித முகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. திரையில் கேள்வி எழுத்தில் வரும். யோசிக்கக் கொஞ்ச நேரம். பிறகு சிவப்புப் புள்ளி எரியும், நாம் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். நேரம் முடிந்தால் அதுவே நின்றுவிடும். அந்தப் பக்கம் யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள், எத்தனை பேர் சேர்ந்து சிரிப்பார்கள், ஒன்றும் தெரியாது. எனக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது.

என் வீட்டு இணையம் சரியில்லாததால் அவள் வீட்டிலேயே பதிவு செய்தேன். சுவரில் இருந்த காலண்டரை அவளே கழற்றிவிட்டாள். மடிக்கணினியை இரண்டு அரிசி டின்கள் மேல் தூக்கி வைத்து என் முகத்துக்கு நேராக்கினாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். முதல் இரண்டு கேள்விகள் வரை உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது கேள்வி, நீங்கள் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள். நான் என் கதையைத் தொடங்கினேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மின்விசிறிச் சத்தம்கூட நின்றது.

அவள் கேட்கிறாள் என்று தெரிந்துவிட்டது. கேமராவைப் பார்த்துக்கொண்டே, காதைச் சமையலறையில் வைத்துக்கொண்டு பேசி முடித்தேன்.

என் கதை இதுதான். ஒரு நாள் மாலை, ஏற்றுமதிக்குப் போக வேண்டிய பெட்டிகளை அடுக்கிய ஒரு பேலட் லோரிக்கு அருகில் நின்றது. பெட்டிகளின் வெளி லேபலில் நடுத்தர அளவு என்று போட்டிருந்தது. அந்த லேபலில் இருந்த எண் முந்தின வாரமே அனுப்பி முடித்த சரக்கின் எண். நான் அதைக் கவனித்து, ஒரு பெட்டியை வெட்டித் திறந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் சின்ன அளவு. உடனே சூப்பர்வைசருக்குப் படம் அனுப்பினேன். லோரியை நிறுத்தினோம். இல்லை, நிறுத்தினேன். அப்படித்தான் பயிற்சி செய்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் ராவாங்கிலிருந்து குழு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அவளுக்கும். ஒரே நாள், ஒரே நேரம். அவள் காரில்தான் போனோம். ஈஜோக் வழியாகப் போகும்போது அவள், "குரூப்ல பேசும்போது நாம ரெண்டு பேரும் தெரிஞ்சவங்க மாதிரி காட்டிக்க வேணாம். ஒருத்தர ஒருத்தர் தூக்கிவிடுறோம்னு நெனைப்பாங்க" என்றாள். நியாயமான பேச்சுதான். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. என்னைத் தெரியாதது போல் நடிக்க இப்போதே ஒத்திகை பார்க்கிறாள் என்று தோன்றியது.

ஒரு நீள மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். சுவர் ஓரமாக இரண்டு பேர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மலாய்க்கார மேலாளர். இன்னொருத்தி எனக்குத் தொலைபேசியில் பேசிய தமிழ்ப் பெண். குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். முதலில் ஒவ்வொருவரும் தன்னை அறிமுகம் செய்து, பழைய வேலையில் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு கணக்கைப் பேசித் தீர்க்க வேண்டும்.

எனக்கு முன்னால் அவள் முறை. தெளிவான மலாயில், சிரித்த முகத்தோடு சொன்னாள். ஏற்றுமதிக்கு ஒரு பேலட் நின்றது. லேபலில் இருந்த எண் போன வாரத்து எண் என்பதை நான் கவனித்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே வேறு அளவு. லோரியை நிறுத்தினேன்.

சமையலறையில் நின்றுபோன பாத்திரச் சத்தம் நினைவுக்கு வந்தது. என் முறை வந்தபோது நான் என் பெயரைச் சொன்னேன், பழைய வேலையைச் சொன்னேன். பிறகு, "இப்போது இவர் சொன்ன சம்பவம் எங்கள் ஸ்டோரில் நடந்தது. அதைக் கண்டுபிடித்தது நான்" என்று மலாயில் சொல்லிவிட்டேன்.

மேலாளர் ஏதோ எழுதினார். தோழி தன் முன்னால் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கணக்கைத் தீர்க்கும் பகுதியில் நாங்கள் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. மற்ற நான்கு பேரும் அதைத் தீர்த்துவிட்டார்கள்.

திரும்பும்போது ராவாங் சாலை நெரிசலைத் தாண்டியதும் அவள் சாலையோரம் காரை நிறுத்தினாள்.

"என்னா சொன்ன நீ அங்க?"

"நடந்ததத்தான் சொன்னேன். நான் வீடியோல பேசுனத நீ குசினியில நின்னு கேட்ட. ஃபேன்கூட அமத்திட்டுக் கேட்ட. கேட்டுட்டு அதயே சொல்லிட்ட."

"ஃபேன ஏன் அமத்துனேன்? ஒன் வீடியோல சத்தம் விழக் கூடாதுன்னு அமத்துனேன்டி! மொத ரெண்டு கேள்விக்கு அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்திச்சி."

"அப்போ அந்தக் கதைய எங்கேருந்து எடுத்த?"

"எடுத்தேனா? அந்த நம்பரு போன வாரத்து நம்பருன்னு பாத்தவளே நான். ஒனக்கு முந்தின நாளே என் வீடியோல அதத்தான் பேசி அனுப்புனேன். நீ என்ன பேசுவன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லவே இல்லயே."

"நல்லா பேசுற" என்றேன்.

"ஆறு பேரு முன்னுக்கு என்னத் திருடின்னு சொல்லிட்ட" என்றாள். குரல் உயரவே இல்லை. என் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, நான்கு வீடு தள்ளி இருக்கும் அவள் வீட்டுக்குப் போகாமல் காரைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ போனாள்.

அன்று மத்தியானமே ஆதாரம் தேட உட்கார்ந்தேன். சூப்பர்வைசரும் இருந்த எங்கள் பழைய ஸ்டோரின் வாட்ஸ்அப் புலனக் குழுவை நான் அழிக்கவில்லை. எதையும் நான் அழிப்பதில்லை, என்றைக்காவது தேவைப்படும். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பல மாதங்கள் பின்னால் போனேன். அந்தப் படம் கிடைத்தது. வெட்டித் திறந்த பெட்டி, உள்ளே சின்ன அளவுக் கையுறைகள், பக்கத்தில் என் கட்டைவிரல். அனுப்பியது நான்தான். ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு படத்துக்குக் கீழே நானே மலாயில் எழுதியிருந்ததைப் படித்தேன். அவள் பெயரைப் போட்டு, "லேபல் எண் பழையது என்கிறாள். பெட்டியைத் திறந்து பார்த்தேன், அவள் சொன்னது சரி. லோரியை நிறுத்தலாமா?"

அவள் சொன்னது சரி. நான் எழுதிய வரி.

பெட்டியைத் திறந்தது நான். எண்ணைப் பார்த்தது அவள். இது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறேன். பிறகு எப்படி மறந்தேன்? வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு நாளும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, வாயில் தடங்கல் இல்லாமல் வர வேண்டும் என்று அவளை முதலில் சுருக்கினேன், அப்புறம் எடுத்துவிட்டேன். சில நாட்களில் அந்தப் பேலட் பக்கத்தில் நான் மட்டும் நிற்பதுபோலவே என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. அவளும் தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் என்னை எடுத்துவிட்டிருக்கிறாள். அதுவும் உண்மைதான். ஆனால் அவள் யாரையும் திருடி என்று சொல்லவில்லை.

ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்ட நான் என் ஞாபகத்தை மட்டும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு வீடுதான். போகவில்லை. வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, இந்தச் செய்தியை அவள் எப்படிப் பயன்படுத்துவாள் என்ற யோசனை வேறு வந்தது. அப்போதும் வந்தது.

அடுத்த வாரம் எனக்கு இறுதி நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அவளுக்கு வந்ததா என்று தெரியவில்லை. கணவர் ராவாங் பக்கம் போகும் நாள் என்பதால் லோரியிலேயே போனேன். இஸ்திரி போட்ட சட்டையில் குலை வாடை ஏறக் கூடாது என்று மடியில் துண்டு விரித்துக்கொண்டேன். வேலைக்கு வந்தவள் லோரியிலிருந்து குதிப்பதை யாரும் பார்க்க வேண்டாம் என்று கட்டடத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னாடியே இறக்கிவிடச் சொன்னேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேலாளர், கணக்குப் பிரிவின் சீன அம்மா, தொலைபேசித் தமிழ்ப் பெண். சீன அம்மா ஆங்கிலத்தில் கேட்டார், மேலாளர் மலாயில் கேட்டார். பட்டியல்கள், சரக்கு எண்ணிக்கை, கணினி, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில் மேலாளர் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பேலட் சம்பவம். நீங்கள் இரண்டு பேரும் உங்களுடையது என்று சொன்னீர்கள். யாருடையது?"

வீட்டில் எல்லாக் கேள்விக்கும் தயார் செய்திருந்தேன். இதற்குக்கூட இரண்டு விதமான பதில் வைத்திருந்தேன். இரண்டிலும் நான் நல்லவள். அந்த நேரத்தில் இரண்டையும் சொல்ல முடியவில்லை. கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தையும் நான் எழுதியதையும் காட்டினேன். "எண்ணைப் பார்த்தது அவள். பெட்டியைத் திறந்தது நான். அன்று கோபத்தில் முழுவதும் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். தவறு" என்றேன்.

மேலாளர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சீன அம்மாவிடம் நீட்டினார். வெளியே வரும்போது அந்தத் தமிழ்ப் பெண் கதவுவரை கூட வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு போன்ல கேட்டீங்கல்ல, ஒங்க நம்பர யாரு குடுத்தான்னு? அவங்கதான் குடுத்தாங்க. நான் அவங்ககிட்ட பேசும்போதே, என்னவிட கவனமா ஒருத்தி இருக்கா, அவளயும் கூப்பிடுங்கன்னு சொன்னாங்க. இப்போ சொல்லலாம்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"எப்போ சொன்னா?"

"முந்தாநாள் இண்டர்வியூக்கு வந்தப்போ."

குழு நேர்முகத்துக்குப் பிறகு. நான் அவளைத் திருடி என்று சொன்னதற்குப் பிறகு.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அவள் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றுகொண்டே பேசினாள். படத்தைக் காட்டினேன். பார்த்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

"நம்பர் குடுத்தத ஏன் சொல்லல? அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"சொன்னா என்னா பண்ணியிருப்ப? தெரியாத ஆளுக்கு என் நம்பர குடுத்துட்டியான்னு கத்தியிருப்ப. ஐசிக்கே ரெண்டு நாள் திட்டுன. மொதல்ல நெசமான கம்பெனியான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ அந்தப் பொண்ணத் திட்டிட்ட. அப்புறம் எப்படி சொல்றது?"

"நான் தப்புதான்."

"தப்புதான். நீ ஒரு வாட்டி கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல. ஒனக்குள்ளயே கேஸ் போட்டு, ஒனக்குள்ளயே தீர்ப்பும் சொல்லிட்ட." கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "நானும் நாங்கன்னு சொல்லியிருக்கலாம். அந்த வீடியோக்காரன் பேச்சக் கேட்டு நானும்தான் ஒன்ன விட்டுட்டேன். சரி, போ. சட்டைய மாத்து. குலை வாடை அடிக்குது."

கேட்டை அன்றைக்குத் திறக்கவில்லை.

வேலை அவளுக்குக் கிடைத்தது. எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, வருங்காலத்துக்கு வாழ்த்து என்று. உண்மையைச் சொன்னதால் போனதா, முதலில் பொய் சொன்னதால் போனதா, அல்லது அவள் என்னைவிட நன்றாகச் செய்தாளா? மூன்றாவதுதான் என்று கணவர் சொன்னார். நான்கு நாள் அவருடன் சரியாகப் பேசவில்லை. அப்புறம் எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

எனக்கு வேலை கிடைத்தது கோலா சிலாங்கூரில், ஆணி, பெயின்ட் விற்கும் ஒரு வன்பொருள் கடையில். கண்ணாடிக் கதவில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சும்மா உள்ளே நுழைந்தேன். எந்தத் தயாரிப்பும் இல்லை, காலில் செருப்பு, கையில் மீன் பை. சீன முதலாளி பெயின்ட் டின்னைக் கலக்கிக்கொண்டே மலாயில் கேட்டார், ஸ்டோரில் வேலை பார்த்திருக்கிறாயா, கணினி தெரியுமா, திங்கட்கிழமை வருவாயா. அவ்வளவுதான். மூன்றே கேள்வி. இத்தனை சுலபமாக ஒருவர் வேலை கொடுத்தால் அங்கே ஏதோ கோளாறு இருக்கும். முன்பெல்லாம் என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, விசாரித்து, ஒரு வாரம் யோசித்திருப்பேன். அன்று அவரையே கேட்டேன்.

"முன்னால் இருந்தவள் ஏன் போனாள்?"

அவர் கலக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இரட்டைப் பிள்ளை" என்று இரண்டு விரலைக் காட்டினார். மறுபடி கலக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை போய்விட்டேன். அவளுக்கு உண்மையிலேயே இரட்டைப் பிள்ளைகள்தான். குழந்தைகளைக் காட்ட ஒரு நாள் கடைக்கு வந்தாள்.

இப்போது தோழி காலையில் காரை எடுத்துக்கொண்டு ராவாங் போகிறாள், நான் பஸ்ஸில் கோலா சிலாங்கூர் போகிறேன். பல வாரங்கள் பார்த்தால் தலையசைப்பதோடு நின்றது. பிறகு தீபாவளிக்கு முந்தின நாள் முறுக்கு மாவு பிசையக் கை பத்தவில்லை என்று அவளே கூப்பிட்டாள். பழையபடி ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். சில விஷயங்களை இப்போது என்னிடம் கடைசியாகத்தான் சொல்கிறாள். எனக்கு அது தெரிகிறது. தெரிகிறது என்று அவளுக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தாள். பேசிக்கொண்டிருந்தபோது அவள் கைப்பேசியில் செய்தி வந்தது. பார்த்துவிட்டுத் திரையை மேசையில் கவிழ்த்து வைத்தாள். நான் தேநீரை ஊற்றினேன், பிஸ்கட்டை எடுத்து வைத்தேன், அவள் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டேன். கண் மட்டும் கவிழ்ந்த கைப்பேசியிலேயே இருந்தது. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"யாரு அது?"

"எங்க சூப்பர்வைசர். நாளைக்கு ஓவர்டைம் வர முடியுமான்னு கேக்குறாரு. ஏன்?"

"சும்மாதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை நிமிர்த்தி என் பக்கம் தள்ளினாள். "பாத்துக்கோ."

பார்க்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். பார்த்தேன். சூப்பர்வைசர்தான். அவள் பிஸ்கட்டைத் தேநீரில் தொட்டுக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.